முப்பத்தாறாம் பல்

நவம்பர் மூன்று, இரவு ஷிப்ட்.
வான்டாவில் தபால் பிரிக்கும் கூடம்.
காய்ந்த ரை ரொட்டியைக் கடித்தேன்.
உடைந்தது ரொட்டி இல்லை.

காலை எட்டு மணிக்கு
நகராட்சிப் பல் மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.
“நாங்களே திரும்ப அழைக்கிறோம்” என்றது இயந்திரம்.
அழைத்தார்கள், நான் குளித்துக்கொண்டிருந்தபோது.
மறுபடி வரிசையின் வால்.
மூன்றாம் நாள் ஒரு பெண், கனிந்த குரல்:
“வீக்கம் உண்டா? காய்ச்சல்?
இல்லையென்றால் ஏப்ரல் பதினேழு, ஒன்பதே கால்.”
இல்லை என்று உண்மையைச் சொன்னேன்.
உண்மைக்குக் கிடைத்தது ஐந்தரை மாதம்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம்தான்,
கடிக்க முடிந்தால்.

தெருமுனையிலேயே தனியார் ஒருவர்.
நாளைக்கே வா என்கிறார்.
வேர்ச் சிகிச்சை, மேலே ஒரு க்ரவுன்:
ஆயிரத்து எழுநூற்று எண்பது யூரோ.
வரி போக என் மாதச் சம்பளம்
அதைவிட நூற்றுப்பத்து அதிகம், அவ்வளவே.
சொத்தையைக் காக்கச் சொத்தை விற்கலாம் என்றால்
என் சொத்து ஒரு சைக்கிள்,
அதற்கு ஆணி பதித்த குளிர்கால டயர் இரண்டு.

ரெய்யாதான் சொன்னாள், கடல் தாண்டிப் போ என்று.
வாயைப் பிளந்து காட்டினாள்.
அவள் கடைவாயின் கோடியில்
தாலின் நகரம் வெள்ளையாய் இருந்தது.

முகவரி இல்லாத ஓர் உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்:
கப்பல், போக வர முப்பத்தெட்டு, இரண்டு தடவை.
மருத்துவருக்கு எழுநூற்று இருபது.
டிராம். காபி.
சம்பளமில்லா விடுப்பு இரண்டு நாள்.
கடைசி வரியை அடித்துவிட்டேன்,
அது இருந்தால் போக மனம் வராது.

அடுத்த வியாழன், பதினொரு மணிக்கு என் முறை.
கடிகாரம் பதினொன்றைத் தொடும் முன்பே என் வாய் திறந்திருந்தது.
மருத்துவர் மாரே உதவியாளரிடம் “முப்பத்தாறு” என்றார்.
அரை நூற்றாண்டு என்னோடு தின்றதற்கு
அப்படி ஓர் எண் உண்டென்பதே அன்றுதான் தெரியும்.

ஊசி போட்டபின் வெளியே உட்காரச் சொன்னார்கள்.
அருகில் ஒரு மனிதர், தாடையில் கைக்குட்டை.
பெயர் ஐவோ. உள்ளூர்க்காரர்.
துர்க்குவில் கூரை வேய்ந்த காலத்தில்
எங்கள் மொழி கொஞ்சம் ஒட்டிக்கொண்டதாம்.
அவர் முறை பத்தரைக்கு.
மாலைக் கப்பலைப் பிடிக்க வேண்டியவர்களை
முதலில் பார்த்துவிடுகிறார்கள் இங்கே.
“உங்களுக்கு இது மலிவு” என்றார்,
குறையாக இல்லை, இன்று பனி விழும் என்பதுபோல.
“எனக்கு இது ஒரு குளிர்காலத்து விறகும்
இரண்டு மாத வாடகையும்.
பிடுங்கச் சொல்லிவிட்டேன். பிடுங்கினால் அறுபது.”

நாக்கு மரத்திருந்தது.
மரக்காமல் இருந்தால் மட்டும்
என்ன சொல்லியிருப்பேன்?

திரும்பும் கப்பலில்
பாதி உதட்டால் குடித்த காபி
கழுத்துத் துண்டில் வடிந்தது.
எதிரே தச்சர்கள் நான்கு பேர், அந்தக் கரைக்காரர்கள்,
ஒரு வார வேலைக்கு எங்கள் கரைக்குப் போகிறவர்கள்,
சீட்டாடிச் சிரித்தார்கள்.
ஒருவனுக்கு முன்பல் இல்லை.

டிசம்பரில் க்ரவுன் ஏறியது.

இன்று மார்ச் இரண்டு.
ஏப்ரல் பதினேழை ரத்துசெய்ய அழைக்கிறேன்.
“உங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர்” என்கிறது
அதே இயந்திரம்.
காத்திருக்கிறேன்.
ஒன்பதே காலை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.
அவருக்கும் வீக்கம் இருக்காது,
காய்ச்சல் இருக்காது,
கேட்டபோது உண்மையைச் சொல்லியிருப்பார்.

முப்பத்தெட்டு பேர்.
மற்றக் கையில் ரொட்டி.
இன்னமும் வலப்பக்கமாகவே மெல்லுகிறேன்.